தெருக்கோடியில் முதலாளி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

உணவு விடுதிச் சுவரில் நீண்ட தெரு ஒன்று வரைந்தேன். போகப்போக வீடுகள் சிறுத்து, நிறம் வெளுத்து, உள்ளே நடந்தே போகலாம்போல இருந்தது. முதலாளி ஆசைப்பட்டாரே என்று தெருக்கோடியில் அவரையும் நிற்கவைத்தேன்.

"என்னடா, என்னை எறும்பு மாதிரி வரைஞ்சிருக்கே?" என்று குதித்தார்.

"தூரத்துல நின்னா அப்படித்தான் சார் தெரியும்."

"நான் எங்கே நின்னாலும் முதலாளிடா!"

கூரைக்கு மேலே தலை தெரிய அவரை மாற்றி வரைந்தேன். மொத்தத் தெருவும் தட்டையாகிப் போனது. பற்றிக்கொண்டு வருகிறது.

நீ அனுப்பிய போட்டோவிலும் வாசற்கதவோடு ஒட்டி, சுண்டுவிரல் உயரத்தில் நிற்கிறாய். யார் உன்னை அவ்வளவு தள்ளி நிற்கச் சொன்னது? அக்காவைக் கிட்டே வந்து எடுக்கச் சொல். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

தூரமாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கு நீ பெரிதாகத் தெரிய வேண்டும்.

உன் மகன்