புது அலைவரிசை

தாலி கட்டிய மாமாவுக்கு,

சிதம்பரம் வானொலியில் என் குரல் கேட்காமல் போனதும், "அவள வேலைய விட்டுத் தொரத்திட்டாங்க" என்று தெரு முழுக்கச் சொன்னீர்களாம். யாரும் துரத்தவில்லை. நிலையத்தின் அலைவரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இனி 107.8.

கடலூரில் அம்மா வீட்டிலிருந்து தினமும் நிலையத்துக்குப் பஸ்ஸில் வருகிறேன். இடது காது இன்னும் சரியாகவில்லை. ஹெட்போனை வலது காதில்தான் வைத்துக்கொள்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னது போதும்.

வெள்ளிக்கிழமை பெண்கள் நிகழ்ச்சியில் என் கதையைப் பேசப்போகிறேன். "அவரு பேரச் சொல்லிடாதக்கா, பிரச்சன பண்ணுவாரு" என்கிறாள் கூட வேலை பார்க்கும் கயல்விழி. சொல்லமாட்டேன். ஆனால் புது அலைவரிசை எண்ணை நம் தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். அங்கே என் குரல் தெரியாதவர்கள் யார்?

இப்படிக்கு,
வாயை மூடு என்று நீங்கள் சொன்னவள்