பத்து மணிக்கு வரும் போன்

அன்புள்ள அக்கா,

உன் போனை மாமா எடுத்துப் பார்ப்பார். அதனால் பள்ளி வாசலில் பாப்பாவைப் பிடித்து, அவளுடைய கணக்கு நோட்டுக்குள் இதை வைக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

பாப்பாவின் கையில் உள்ள காயத்தைப் பற்றி, நான் வேலை பார்க்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் வந்திருக்கிறது. நாளை விசாரிக்க வருகிறார்கள். ஆனால் கிளம்பும் முன் வீட்டுத் தலைவருக்குப் போன் செய்து சொல்வதுதான் இங்கே வழக்கம்.

"அவர்கிட்டயே சொல்லிட்டுப் போனா எப்படி சார்?" என்று இன்றைக்குத்தான் முதல்முறையாக வாய் திறந்தேன்.

"சொல்லாமப் போயி வீடு பூட்டியிருந்தா, பூட்டுகிட்டயாம்மா விசாரிக்கிறது?" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

போன் பத்து மணிக்குப் போகும். அதற்குள் பள்ளிக்கு என்று சொல்லிப் பாப்பாவோடு வெளியே வந்துவிடு. மருந்துக்கடை வாசலில் நிற்பேன். யார் கேட்டாலும் படியில் விழுந்தாள் என்று இனிமேல் சொல்லாதே. உன் வீட்டில் படியே இல்லை அக்கா.

பெயர் இல்லாத புகாரை இங்கே வாங்கமாட்டார்கள். அதனால் என் பெயரைத்தான் எழுதினேன். நாளை போனில் அதையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டுவார்கள்.

உன் தங்கை