மலையை விலை பேசியவன்

பிப்ரவரி 3

மலை ஏறினால் மனம் தெளியுமாம். வீட்டுக்காரி ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். உச்சியில் ஒருத்தி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள், பஸ்ஸை மறிக்கிற மாதிரி. கீழே ‘உங்களை நீங்களே கண்டடையுங்கள்’. நான் எங்கே தொலைந்தேன்? காலையிலிருந்து கடையில்தானே இருக்கிறேன், பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவே. யார் வேண்டுமானாலும் வந்து கண்டடையலாம்.

ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு இவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். “ஏங்க, அந்த உச்சில நின்னு ஒரே ஒரு தடவை கீழ பாக்கணுங்க.” டாக்டரும் தலையாட்டிவிட்டார். தனியாக அனுப்ப மனமில்லை. நானும் போகிறேன். ஏமாற்றுகிறவன் மூஞ்சியையாவது நேரில் பார்க்கலாம்.

பிப்ரவரி 9

இவளுக்கு பூட்ஸ் வாங்கினேன். தெரிந்தவன் கடை, கழித்துக்கட்டும் சரக்கு. வாங்கப்போகிற பொருளை நல்லாயிருக்கு என்று சொல்லவே கூடாது. சொன்னால் விலை ஏறிவிடும். வெறும் கையோடு தொழிலுக்கு வந்தவன் நான், இது எனக்குப் பாலபாடம். “அடி மெலிசு, தையல் கோணல், இத எவன் போடுவான்?” என்று ஆரம்பித்தேன். பாதி விலைக்கு விழுந்தான்.

பிப்ரவரி 20, அடிவாரம்

சே. கக்கூஸ் என்பது ஒரு குழி. சுற்றித் தார்ப்பாய், மூடாத ஜிப். கூட்டிப்போகிறவன் வாயைத் திறந்தால் “மூச்சைக் கவனிங்க”. மூச்சுக்காரன் என்று பெயர் வைத்துவிட்டேன். நம் மூச்சை நமக்கே விற்கிறான். முதல் போடாத வியாபாரம்.

சாயங்காலம் வட்டமாக உட்காரவைத்து, மனதில் இருப்பதைக் கொட்டச் சொன்னான். ஒருவன் அழுதான். என் முறை வந்தது. “சூப்பு ஆறிப்போச்சு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 21

கணுக்காலில் அட்டை. என் ரத்தத்தைக் குடித்துக் கொழுகொழுவென்று தொங்குகிறது. கூடாரம் முழுக்க ஈரக் காலுறை வாடை.

பிப்ரவரி 22

பாதி வழியில் இவள் பூட்ஸின் அடி பிரிந்து வாயைப் பிளந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? “மலையும் மட்டம், சோறும் மட்டம், அப்பவே சொன்னேன், வா இறங்கிடலாம்” என்றேன்.

நின்றாள். கத்தவில்லை. அதுதான்—

“கல்யாணம் ஆனதுலேருந்து என்னையும் இப்படித்தான் தட்டித் தட்டிப் பாக்கறீங்க. சமைச்சா உப்பு சரியில்ல. உடுத்துனா கலர் சரியில்ல. ஆஸ்பத்திரில நான் கண்ணு முழிச்சப்போ மொத வார்த்தையே ‘மூஞ்சி ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு’ன்னுதான் கேட்டீங்க. விலை பேசிக்கிட்டேதான் இருக்கீங்க. எப்பங்க வாங்கி முடிப்பீங்க?”

முகாம் சேர்ந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு டீச்சரம்மா கூடாரத்துக்குப் போய்விட்டாள். குழுவில் வந்த ரிடையர்டு டீச்சர். வந்த நாளிலிருந்தே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 23

முழங்கால் மக்கர் செய்கிறது என்று டீச்சரம்மா கீழேயே தங்கிவிட்டு, தன் பூட்ஸை இவளுக்குக் கொடுத்துவிட்டார். விடியும் முன்பே இவள் கிளம்பிப் போயிருக்கிறாள். என்னை எழுப்பவில்லை.

பிய்ந்த பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடி மெலிசுதான். சொன்னவனே நான்தானே?

“உங்க கடைல வாளி வாங்குனா கைப்பிடியாவது நிக்குமா சார்?” என்றார் டீச்சரம்மா. எழுந்துபோனேன்.

மதியம் இறங்கி வந்தாள். முழங்கால்வரை சேறு, மூக்கு ஒழுகுகிறது. அந்த முகம்! அப்படி ஒரு முகத்தை நம் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. உச்சியைத் தொட்டுவிட்டாள். என் முன்னால் வந்து நின்றாள். சொல்லுடா, சொல்லித் தொலையேண்டா—

“லேட்டாயிடுச்சு” என்றேன்.

தூ! அட்டையை உப்புப் போட்டு உதிர்க்கலாம். இந்த வாயை என்ன செய்ய?

மார்ச் 2

வீட்டில் பேச்சு இல்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

வேறொரு மலைக்குப் போகிறாளாம், அதே கூட்டத்தோடு. என்னிடம் கேட்கவில்லை, தகவல்தான்.

கடைவீதியிலேயே உசத்தியான கடைக்குப் போனேன். அடியை வளைத்துப் பார்த்தேன். தையலை இழுத்துப் பார்த்தேன். “அருமையான பூட்ஸுப்பா” என்றேன், விலை கேட்பதற்கு முன்னாலேயே. கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூசாமல் ஏற்றிச் சொன்னான். கொடுத்தேன். ஒரு வியாபாரிக்கு இதைவிட அசிங்கம் கிடையாது.

வீட்டில் போட்டுக்கொண்டு சமையலறையிலிருந்து ஹால்வரை நடந்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. உனக்கு நல்லா இருக்கு.”

போகவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றாள், நான் வழக்கமாகச் சேர்க்கிற ‘ஆனா’வுக்காக. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். “டீச்சரம்மா இந்தத் தடவ வரலியாம். கூடாரத்துல ஒரு எடம் காலியா இருக்கு.”

அந்தக் கூடாரம். அந்தக் காலுறை வாடை. சே!

நாளை அதே கடைக்குப் போகவேண்டும். இன்று அவன் ஏற்றியதையெல்லாம் எனக்கு வாங்கும் பூட்ஸில் இறக்கிக் காட்டுகிறேன்.