தட்டைப் பிரித்தாய், பிளேடை விட்டுவிட்டாய்

என் அந்தோணிக்கு, நீ பதில் சொல்ல வரமாட்டாய் என்று தெரிந்தும் திட்டுவதற்கென்றே உட்கார்ந்திருக்கும் உன் ஸ்டெல்லா எழுதுவது.

யோவ், எதுவாக இருந்தாலும் வாயைத் திறந்து சொல் என்று கல்யாணமான புதிதிலேயே எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்? கடைசி வரைக்கும் கேட்டாயா?

ஹார்பரில் ரத்ததானம் கொடுத்துவிட்டு வந்த மாதம்தான் எல்லாம் ஆரம்பித்தது. திடீரென்று உனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பாயைத் தூக்கிக்கொண்டு வாசல் ரூமுக்குப் போனாய். கேட்டால், "புழுக்கமா கீது" என்றாய். மார்கழியில் என்னய்யா புழுக்கம்? தொட வந்தால் கையைத் தட்டிவிட்டாய்.

எவளோ ஒருத்தி வந்துவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். பேரன் எடுத்த வயசில் இந்த ஆளுக்கு ஆசையைப் பார் என்று, ராயபுரத்தில் மீன் வாங்கும்போதெல்லாம் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்திருக்கிறேன். நேராகக் கேட்க ரோஷம் விடவில்லை. நாலு வருஷம் இப்படியே போனது.

வயிறு வீங்கி, ஈரல் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் கக்கினாய். "ரத்தத்துல ஹெபடைடிஸ் சி கீதுன்னாங்க ஸ்டெல்லா. பெண்டாட்டிய இட்டுனு வா, அவங்களுக்கும் டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு. எனுக்கு மானமே பூட்ச்சி. பொம்பள சமாச்சாரம்னு நீ நெனச்சிடுவியேன்னு அந்தப் பக்கமே போவல. உனுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் தள்ளிப் படுத்தேன்."

ஏன்யா, நீ மறைத்ததால்தானே நான் அப்படி நினைத்தேன்? இந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

உன் காரியமெல்லாம் முடிந்து, நானே பரிசோதனைக்குப் போனேன். சின்னப் பெண் அந்த டாக்டர். "அவரோட ஷேவிங் பிளேடு, நெயில் கட்டர், பிரஷ் எதையாவது நீங்களும் யூஸ் பண்ணுவீங்களாம்மா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் குதிகால் வெடிப்பை எதைக் கொண்டு சுரண்டுவேன்? உன் பிளேடால்தானே! எத்தனை தடவை ரத்தம் வந்திருக்கிறது! தட்டைப் பிரித்த மகராசனுக்கு பிளேடு ஞாபகம் வரவில்லையா?

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. நேற்றுதான் டெஸ்ட் சீட்டு வந்தது. எனக்கு அந்த வியாதி இல்லை.

"அவர் நாலு வருஷம் தள்ளிப் படுத்ததாலதான் தப்பிச்சேனா?" என்று கேட்டேன். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினாள். "தட்டுல, டம்ளர்ல, கட்டிப்பிடிக்கிறதுல எல்லாம் வராதும்மா. ரத்தத்தோட ரத்தம் சேர்ந்தாதான் பயம். வருஷக்கணக்கா ஒண்ணா வாழற புருஷன் பெண்டாட்டிக்குள்ள உறவு மூலமா ஒட்டறது ரொம்ப அபூர்வம். இருந்தாலும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடணும், அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பாங்க. அவரும் அப்பவே வந்திருந்தா மூணு மாச மாத்திரைதான். நிறைய பேருக்கு அதுலயே சரியாகிடுது."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். என்னைக் காப்பாற்றத்தான் தள்ளிப் படுத்தாயாம்! உன் தியாகத்தைக் கொண்டுபோய்க் கடலில் போடு. எனக்கு அந்த நாலு வருஷம் வேண்டும்யா.

இன்னொரு சேதி. இன்று காலையில் கீழ்வீட்டு நூர்ஜஹான் ஓடி வந்தாள். லாரி ஓட்டுகிற அவள் புருஷன் பஷீருக்கும் இதே வியாதியாம். "தட்ட தனியா வெக்கச் சொல்றாருக்கா, இன்னா பண்றது?" என்று கண்ணைக் கசக்கினாள். விறுவிறுவென்று கீழே இறங்கினேன். "தட்டு ஒண்ணாவே இருக்கட்டும். பிளேடு, பிரஷ் ரெண்டும் தனியா வையி. நாளைக்கு டாக்டராண்ட ரெண்டு பேரும் கெளம்புங்க, நானும் வரேன்" என்றேன்.

"வேணாக்கா, நாலு பேரு இன்னா நெனப்பாங்க?" என்றான் பஷீர். அப்படியே உன் குரல். எனக்கு வந்ததே ஆத்திரம்! "நாலு பேரு உன்னத் தூக்கினு போறதுக்குள்ள கெளம்புடா!" என்று கத்திவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு: கடைசி மாத்திரையை அவன் விழுங்குகிற வரைக்கும் விடமாட்டேன். நழுவினால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். ஒரே ஒரு நாள் உன் சட்டையைப் பிடித்து, "இன்னாய்யா ஆச்சு உனுக்கு?" என்று நான் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும், நீ சொல்லியிருப்பாய்.

உன்மேலும் தன்மேலும் கோபம் தீராத
உன் பெண்டாட்டி,
ஸ்டெல்லா