பதினொரு மணிச் சங்கு

3.3.2008, திங்கள்
பதினொரு மணிச் சங்கு ஊதவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் ஒழுங்காக ஊதின. சங்கை நம்பிக் கடலில் நின்ற தம்பிராசா அண்ணர் கரைக்கு வரப் பன்னிரண்டு தாண்டிவிட்டது. கடற்படைக் காவலரணில் இரண்டு மணி நேரம் வெயிலில் முழங்காலில் வைத்திருந்தார்கள்.

மீன்பிடிக்கும் நேரத்தை இன்றுதான் பத்திலிருந்து பதினொன்றுக்கு நீட்டினார்கள். பத்து மணிச் சங்கோடு முடிந்த மூன்று மாதமும் ஒரு பிழையும் இல்லை. நம் மீனவர் சங்கத்துக்கு இன்று புதிதாக வந்தது இன்னொன்றும் உண்டு: ஒலிபெருக்கி பார்க்க, கிண்ணியாவிலிருந்து ஸுஹைர்.

4.3
இன்றும் இல்லை. கரையில் நின்று துணி வீசித்தான் படகுகளைக் கூப்பிட்டோம்.

சுனாமிக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர் கணினியில் போட்டுத் தந்த ஒலி புரோகிராம் இது. திரையில் பெட்டிகளைக் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஆறு மணிக்கு நான் தொடக்கிவிட்டால் ஒரு பெட்டி செக்கனுக்கு ஆயிரம் எண்ணும். அந்த எண்ணைப் பார்த்து மற்றப் பெட்டி சங்கை ஊதும். இன்று 10.39க்கு எண் நின்றுவிட்டது. 10.30க்குத்தான் ஸுஹைர் உள்ளே தேத்தண்ணி குடிக்க வருகிறான்.

6.3
“மெமரி நிரம்பிட்டுதோ?” ஸுஹைரிடம் வேண்டுமென்றே கேட்டேன்.

“இல்லக்கா, அது வைச்சிருக்கிறது ஒரு நம்பரைத்தானே. ஒண்டெண்டாலும் கோடியெண்டாலும் அதே இடந்தான் புடிக்கும்.”

பார்த்தேன். உண்மை. காலையிலும் பதினொன்றுக்கும் மெமரி ஒரே அளவு. அப்படியென்றால் கணினியில் பிழை இல்லை, யாரோ கை வைக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தவனுக்கு இந்த வேலை எதற்கு? யார் அனுப்பினது?

7.3
ஸுஹைர்மேல் சந்தேகம் என்று சங்கத் தலைவர் சிவகுருநாதனிடம் சொல்லிவிட்டேன். காவலரணுக்குச் சொல்வாரோ? சொல்லட்டும்.

10.3, திங்கள்
காலை எட்டுக்குக் காவலரண்காரர் ஸுஹைரை விசாரிக்க ஏற்றிக்கொண்டு போனார்கள். அறையைப் பூட்டிவிட்டுத் தனியே திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

10.39. நின்றது. 16777216.

ஒன்றைக் கூட்டினேன். அதே எண். திரும்பவும் கூட்டினேன். அதே எண். எப்போதும் ஒரே இடம்தான் பிடிக்கும் என்றானே — அந்த இடத்துக்குள் ஒன்று ஒன்றாக எண்ண அதுவரைதான் ஏலும் போல. ஐயோ, நான் என்ன வேலை செய்து வைத்திருக்கிறேன்!

11.3
ஒவ்வொரு சங்குக்கும் பிறகு எண் சைபருக்குத் திரும்பும்படி மாற்றினேன். பதினொன்றுக்கு ஊதியது.

தலைவரிடம் ஓடினேன். “பிள்ளை, நான் எழுத்திலை குடுத்திட்டனே” என்றார்.

12.3
பிழை என்னுடையது என்று நானும் காவலரணில் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் வாசிக்கவில்லை.

24.3, திங்கள்
ஸுஹைர் வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன், “பரவாயில்லக்கா” என்றான்.

கையில் புதுக் கொப்பி ஒன்று. கணினி அறைக்குள் போகும் நேரம், வெளியே வரும் நேரம், உள்ளே தொட்ட பொருள் எல்லாம் எழுதி என்னிடம் நீட்டுகிறான். “சைன் வைங்கக்கா.”

இன்று மட்டும் ஆறு தரம் வைத்தேன்.