மூன்றாவது எறி

விடசாரி
21 மே 1984

அன்புள்ள தம்பி கௌக்கோவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் உன் கடிதத்தில் தெரிவதில்லை, உன் பெண்டாட்டி ஐலா போனில் சொன்னால்தான் தெரிகிறது. உன் சட்டைப் பொத்தானை இப்போது அவள்தான் போட்டுவிடுகிறாளாமே. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்கின்றனவாம். எனக்கு ஒரு வார்த்தை எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

டாக்டர் அறையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். "முழங்கை நார் ஒரே இழையில தொங்குது. முழு வேகத்துல ஈட்டி எறிஞ்சா எந்த எறியில வேணும்னாலும் அறுந்துடும். கூடவே நரம்பும் போச்சுன்னா, கரண்டி பிடிக்கக்கூட அந்தக் கை உதவாது" என்று அவர் சொன்னபோது, நீ ஜன்னல் வழியே கார்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய்.

காப்பிக்கடை ரெய்னோவின் நச்சரிப்பு தாங்கவில்லை. "உன் தம்பி ஒலிம்பிக் போவானா மாட்டானா, ஒரு வார்த்தை சொல்லு ஹில்க்கா" என்கிறான். "நீ காப்பிய ஊத்து" என்றேன். இந்த வருடம் எறியாதே, கௌக்கோ.

உன் அக்கா,
ஹில்க்கா


யூவாஸ்கூலா
30 மே 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய ஏலக்காய் ரொட்டி முழுவதையும் நானே தின்றேன். ஐலாவுக்குக் கோபம். குட்டி ஹெட்டாவுக்கு நாலாவது பல் முளைத்திருக்கிறது.

ஒலிம்பிக்குக்கு இருவர் உறுதியாகிவிட்டார்கள். மூன்றாவது இடம் தொண்ணூறு மீட்டர் தாண்டுகிறவனுக்கு. ஜூன் 17 நம் ஊர்ப் போட்டியில் எறிகிறேன். வலிக்கு ஊசி போடத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.

ஈட்டி விழும் இடத்தில் கொடியோடு நீதான் நிற்பாயாம். எனக்கு அதில் நிம்மதி. இந்த ஈட்டிகள் மிதந்து போய்ப் படுத்தாற்போல விழுகின்றன, நுனி முதலில் பட்டதா இல்லையா என்று ஊருக்கு ஊர் சண்டை. நீ நின்றால் சண்டை இல்லை. நுனி பட்டிருந்தால் வெள்ளையைத் தூக்கு, அளக்கட்டும். படாவிட்டால் சிவப்பு, அளக்கவே வேண்டாம். தம்பி என்று பார்க்காதே.

இருபத்தேழு வயதில் என்னை மூலையில் உட்காரச் சொல்லாதே அக்கா. எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அன்புத் தம்பி,
கௌக்கோ


விடசாரி
8 ஜூன் 1984

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை தபால்காரர் ஓன்னியைப் பார்த்தேன். அவரும் ஒரு காலத்தில் ஈட்டி எறிந்தவர், உனக்கே தெரியும். சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு எடுத்துப்போனார், எல்லாம் இடது கையில். வலது கை காய்ந்த கிளைபோலச் சட்டைப்பையில் கிடந்தது. "கௌக்கோ வர்றானாமே. நல்லா எறியச் சொல்லு" என்று சிரித்தார். அவரை யாராவது அன்றைக்குத் தடுத்திருக்கக் கூடாதா?

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பெண் குழந்தையைத் தூக்க உனக்கு இரண்டு கையும் வேண்டும். வராதே.

ஹில்க்கா அக்கா


யூவாஸ்கூலா
24 ஜூன் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று உன்னிடம் பேசாமல் காரில் ஏறிவிட்டேன். மன்னித்துக்கொள். கோபமில்லை. முழங்கை பூசணிபோல வீங்கிவிட்டது, அதற்கு மேல் எறிய முடியவில்லை. மூன்றாவது எறியைத்தான் நம்பியிருந்தேன். ஈட்டி கையை விட்டபோது நன்றாகப் போவதாகவே தோன்றியது. அப்புறம் உன் சிவப்பு.

வரும் வழியில், காரை ஓட்டிவந்த ரெய்னோ, "உங்க அக்காவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, வேற என்ன" என்றான். "அவ கண்ணைப் பத்திப் பேசுனா உன் பல்லு இருக்காது" என்றேன். வேறு யார் சிவப்பு தூக்கியிருந்தாலும் சந்தேகப்பட்டு, வீக்கம் வடிந்ததும் மறுபடி மறுபடி எறிந்திருப்பேன். தூக்கியது நீ. அதனால் என் எறி போய்விட்டது என்று புரிந்துகொண்டேன். கைக்குச் சரியென்று பட்டும் ஈட்டி தப்பாய் விழ ஆரம்பித்தால் எறிகிறவன் நிறுத்த வேண்டும்.

நிறுத்திவிட்டேன். திங்கள் முதல் மரமில்லில் கணக்கெழுதும் வேலை. ஐலா அழுதாள், சந்தோஷத்தில்தான். நீ நேர்மையாக நின்றதற்கு நன்றி.

அன்புத் தம்பி,
கௌக்கோ


விடசாரி
28 ஜூன் 1984

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாளாக ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கடைக்கு வருகிறவர்களுக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுக்கிறேன். நீ நன்றி சொல்லாமல் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

நுனிதான் முதலில் பட்டது, கௌக்கோ. குத்தி நின்று, அப்புறம் சாய்ந்தது. அது இறங்குவதற்கு முன் ஒரு கணம் உன்னைப் பார்த்தேன். நீ முழங்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாய். வெள்ளை தூக்கினால் ஒலிம்பிக், அங்கே இன்னும் ஆறு எறி என்று நினைத்தேன். என் கை சிவப்பைத் தூக்கிவிட்டது. ஈட்டியைப் பிடுங்கி, குழியின் மேல் பூட்ஸை வைத்து அழுத்தினேன். மறுநாள் காலையில் நாடா கொண்டுபோய் அந்தத் தடத்திலிருந்து அளந்தேன். தொண்ணூற்றொரு மீட்டர் இருபது.

ஒலிம்பிக் பட்டியல் மூடிவிட்டது என்று பத்திரிகையில் வந்துவிட்டது. இனி சொன்னால் உன் கைக்கு ஆபத்தில்லை என்றுதான் எழுதுகிறேன். கொடியை விளையாட்டுச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். உன் பாராட்டை மட்டும் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஹில்க்கா


யூவாஸ்கூலா
3 ஜூலை 1984

ஹில்க்கா,

கடிதம் வந்தது. பட்டியல் போனால் போகட்டும். நான் நிறுத்தியது பட்டியலுக்காக அல்ல, கைக்காகவும் அல்ல. எறி போய்விட்டது என்று நம்பினேன். போகவில்லை என்று நீயே அளந்து சொல்லிவிட்டாய்.

மில் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு சின்னப் போட்டி. ஊசிக்குச் சொல்லியாகிவிட்டது. ஐலா குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொடி பிடிக்கப் போவது யாரென்று கேட்டேன். என்னை யாரென்றே தெரியாதவராம். அதுவே எனக்குப் போதும். நீ வராதே.

கௌக்கோ