ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்ன பொய்

இன்று காலை துணி மூட்டையை அவிழ்த்ததும் அந்த அத்தர் வாசனை குப்பென்று அடித்தது. உங்களை இடித்துக் கொன்ற கார்க்காரரின் சட்டைகள். கோர்ட்டில் கேஸ் நடக்கும்போதே நம்மிடம் இஸ்திரிக்கு அனுப்புகிறார், என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். மூட்டையை அப்படியே முடிந்து அவர் வீட்டு வாசலில் வீசிவிட்டு வந்தேன்.

உங்களுக்கு அவர் 'நம்ம சேட்டன்'. மட்டாஞ்சேரியில் நமக்கு முதலில் துணி கொடுத்த வீடு என்று அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். பஜார் திருப்பத்தில் அவர் கார் உங்கள் சைக்கிளை அடித்துத் தள்ளிய அன்று, எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். "நானே விழுந்துட்டேன் சார்" என்றீர்கள். நான் பதறிப்போய் வாயைத் திறந்தேன். "சும்மா இரு புள்ள. போலீஸ் கேஸுன்னா சேட்டனுக்குக் கஷ்டம். நம்மள அவரு பாத்துக்குவாரு" என்றீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டார், போங்கள். அந்த வாரமே உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால், அவருடைய வக்கீல் உங்கள் பேச்சையே எடுத்து என்னை அடிக்கிறார். துணி மூட்டையின் கனத்தில் தடுமாறி நீங்களே விழுந்தீர்களாம். உங்கள் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது, அதை உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

விபத்தைக் கண்ணால் பார்த்தவர், பஜார் திருப்பத்தில் சாயாக்கடை வைத்திருக்கும் இக்கா, இவ்வளவு நாள் பயந்து கிடந்தார். நான் விடாமல் போய்க் கேட்டதில் இப்போது சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார். அது காதுக்கு எட்டியதுமே, இன்று மத்தியானம் சேட்டன் நம் கடைக்கு வந்துவிட்டார்.

"சேச்சி, நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம். மோளோட படிப்பு நான் நோக்கிக்கறேன். கேஸ் வேண்டா."

"உங்க கார்தான் இடிச்சதுன்னு ஜட்ஜ் முன்னாடி சொல்லுங்க. அப்புறம் கோர்ட்டு எது நியாயம்னு சொல்லுதோ, அதக் குடுங்க."

"அது மட்டும் என்னால பற்றில்லா சேச்சி, முடியாது. எனக்கு இங்க ஒரு பேர் உண்டு."

"எம் புருஷனுக்கும் இருந்துச்சு. சைக்கிள் ஓட்டத் தெரியாதவன்னு ஆக்கிட்டீங்களே."

அவர் குரலை இறக்கினார். "அவன் நல்லவன். இருந்திருந்தா என்னை மன்னிச்சிருப்பான்."

"மன்னிச்சிருப்பாருதான். அதுக்கு அவரு இருக்கணுமே."

சேட்டன் படியிறங்கிப் போனார். மன்னிப்பதெல்லாம் உங்கள் குணம், அதை நீங்களே கொண்டுபோய்விட்டீர்கள். எனக்கு விட்டுப்போனது உங்கள் மகளையும் இந்தக் கோபத்தையும்தான். மகளை எப்பாடுபட்டாவது வளர்த்துவிடுவேன். அந்த ஆள் கூண்டில் ஏறி நின்று, 'நான்தான் இடிச்சேன்' என்று சொல்லும்வரை கோபத்தை ஆறவிட மாட்டேன்.